தமிழ்மணி தைத்த இரண்டு குட்டிப் பேய்கள்

தமிழ்மணி வீட்டில் வளர்ந்தது ஒரு பிள்ளை. அவள் தைத்ததோ இரண்டு பேய்ச் சட்டை. இதை முதலில் கவனித்தவள் நான்தான். எங்கள் இருவருடைய தையல் மெஷின்களும் யாங்கோன் லான்மடாவில் ஒரே கடையில், ஒரே சுவரோரமாக ஒட்டிக் கிடக்கின்றன. அவள் மிதித்தால் என் மேசை ஆடும்.

அக்டோபர் வந்துவிட்டால் எங்கள் கடையில் பேய்க் காலம். முன்பெல்லாம் யாங்கோனில் இந்த ஹாலோவீன் சங்கதி கிடையாது. இப்போது மழலைப் பள்ளிகளெல்லாம் மாதக் கடைசியில் பிள்ளைகளுக்குப் பேய் வேஷம் போட்டு, படம் பிடித்து, ஃபேஸ்புக்கில் ஏற்றுகின்றன. இருட்டிய பிறகு ஆலமரத்தடியில் கால் வைக்கப் பயப்படுகிற ஜனங்கள், காசு கொடுத்துப் பிள்ளைக்குப் பேய்ச் சட்டை வாங்குகிறார்கள். எனக்குச் சிரிப்பாக வரும். ஆனாலும் கூலி கிடைக்கிற காரியத்தைக் கேலி செய்யக் கூடாது என்று வாயை மூடிக்கொண்டு தைப்பேன்.

தமிழ்மணி சிரிக்கவும் மாட்டாள், முணுமுணுக்கவும் மாட்டாள். எடுத்த வேலையை முடிப்பாள். அவளுடைய பாட்டன்மார் இந்த ஊர்த் துறைமுகத்தில் மூட்டை சுமக்கக் கப்பலேறி வந்தவர்கள். அந்த முதுகு இவளுக்கும் வாய்த்திருக்கிறது போலும். இரட்டைப் பிள்ளைகளை வயிற்றில் வைத்துக்கொண்டுதான் என்னிடம் தையல் கற்றாள். வயிறு மேசையில் இடித்தது. நேராக உட்கார முடியாமல் ஒருக்களித்து உட்கார்ந்து மெஷினை மிதித்தாள். "பிள்ளை பெத்துட்டு வந்து கத்துக்கோயேன்டி" என்றேன். "அப்புறம் எங்கக்கா நேரம்?" என்றாள். அவளுடைய புருஷன் தேவராஜ் அப்போதே தாய்லாந்துக்கு வேலைக்குப் போய்விட்டிருந்தான். நான் சொன்னது சரியோ தப்போ, அவள் சொன்னது சரியாகிவிட்டது. பிள்ளைகள் பிறந்த பிறகு அவளுக்கு மூச்சு விடவும் நேரமில்லை.

மூத்தவன் உதயசூரியன், அடுத்தவன் வடிவேல். உதயா, வேலு. பார்க்க ஒரே அச்சு. ஆனால் வேலு பிறக்கும்போதே சோனி. கைக்குழந்தையாக இருக்கும்போது அவனுக்குக் காய்ச்சல் வந்து கண் செருகிவிட்டது. ஆஸ்பத்திரியில் ஊசி போட்டார்கள், மருந்து கொடுத்தார்கள். அதெல்லாம் ஒரு பக்கம். மறுபக்கம் தேவராஜின் அக்கா கனகாம்பாள், ஆற்றுக்கு அக்கரையில் டாலாவிலிருந்து படகேறி வந்தாள். "பிள்ளையத் தவிட்டுக்கு எனக்கு வித்துரு" என்றாள்.

எங்கள் வீடுகளில் இந்த வழக்கம் கிடையாது. அதனால் எனக்கு விளங்கச் சொன்னார்கள். ஒரு பிள்ளை பிழைக்காது போலத் தோன்றினால், பெற்றவள் அதை முறத்தில் கிடத்தி, வாசற்படிக்கு வெளியே நிற்கிற இன்னொருத்திக்குக் கொடுத்துவிட்டு, விலையாகத் தவிடு வாங்கிக்கொள்ள வேண்டும். "எனக்கு வேண்டாம், உனக்குத் தந்தேன்" என்று வாயால் சொல்லவும் வேண்டும். பிள்ளையைத் தேடி வருகிற கெட்டது, அது இப்போது யார் வீட்டுப் பிள்ளை என்று தெரியாமல் திரும்பிப் போய்விடுமாம். பிறகு மூன்றாம் நாள் பெற்றவள் தவிட்டைத் திருப்பிக் கொடுத்துப் பிள்ளையை வாங்கிக்கொள்ளலாம்.

தமிழ்மணி அப்படியே செய்தாள். கனகாம்பாள் பிள்ளையை டாலாவுக்குத் தூக்கிப் போனாள். வேலு பிழைத்துக்கொண்டான். அது ஊசியாலா தவிட்டாலா என்று நான் வாதாடப் போவதில்லை. தப்பு நடந்தது அதற்குப் பிறகுதான். மூன்றாம் நாள் உதயாவுக்கும் காய்ச்சல் வந்தது. அவனை விட்டுவிட்டு இவளால் ஆறு தாண்ட முடியவில்லை. கெடு தாண்டிவிட்டது. கெடு தாண்டிய பிறகு பெற்றவள் போய்ப் பிள்ளையைத் தூக்கினால், விட்டுப் போன காய்ச்சல் அடையாளம் கண்டு திரும்ப வரும் என்று யாரோ சொன்னார்கள். முதலில் கிளப்பிவிட்டது யார் என்று இன்றுவரை எனக்குத் தெரியாது. தெரிந்தால் சும்மா விடமாட்டேன்.

வாங்கினவள் பிள்ளையை வைத்துக்கொண்டாள். விற்றவள் வேலைக்குப் போய்க்கொண்டிருந்தாள். பகலில் ஒரு பிள்ளையை மெஷினுக்குப் பக்கத்தில் போட்டுக்கொண்டு தைக்கலாம், இரண்டு முடியாது என்பதும் உண்மைதான். அப்படியே நாள் ஓடி, பிள்ளைகளுக்கு இரண்டு வயது முடிந்துவிட்டது.

ஞாயிற்றுக்கிழமைகளில் உதயாவை என்னிடம் விட்டுவிட்டு அவள் டாலாவுக்குப் போவாள். அவனைக் கூட்டிப் போகக் கூடாது. ஒரே முகம் இரண்டாக நின்றால் காட்டிக் கொடுத்துவிடுமாம். கனகாம்பாள் வீட்டில் இவள் தள்ளி ஒரு முக்காலியில் உட்கார வேண்டும். வேலுவைப் பார்க்கலாம், தொடக் கூடாது. தனாக்காப் பட்டைச் சாந்து பூசிய கன்னத்தோடு அவன் மண்ணில் விளையாடுவதைப் பார்த்துவிட்டு எழுந்து வந்துவிடுவாள். திரும்பி வந்து என்னிடம், "நல்லாத்தான் இருக்கான்கா" என்பாள். உதயாவைத் தூக்கிக்கொண்டு வீட்டுக்குப் போய்விடுவாள்.

இந்த அக்டோபரில் ஒரு ஞாயிறு அவள் திரும்பி வந்தபோது முகம் சரியில்லை.

"மதினி தை மாசம் வேலுவுக்குக் காது குத்தப் போறாங்களாம்."

"குத்தட்டுமே. நீ போய் நிக்க மாட்டியா?"

"தாய்மாமன் மடியில வச்சுத்தானே குத்தணும். தாய்மாமனா யாரு உக்காரப் போறதுன்னு கேட்டேன். தேவராஜ் வர்றான், அவன்தானே என் தம்பிங்கறாங்க."

எனக்கு ஒரு நிமிடம் விளங்கவில்லை. விளங்கியபோது கையில் இருந்த கத்தரிக்கோலைக் கீழே வைத்துவிட்டேன். கனகாம்பாள் அம்மா என்றால், அவள் தம்பி தேவராஜ் தாய்மாமன். பெற்ற அப்பன், பெற்ற பிள்ளைக்கு மாமன். ஊரைக் கூட்டி, பூசாரியை வைத்து, அதைச் சடங்காகவே நடத்தப் போகிறார்கள்.

"உன் புருஷன் என்ன சொல்றான்?"

"போன்ல கேட்டேன். அக்கா ஆசைப்படுது, ஒரு நாள் மடியில உக்கார வைக்கிறதுல என்னா வந்துச்சுங்கறாரு." அவள் நூலைப் பல்லால் கடித்து அறுத்தாள். "அவர் மாமன்னா நான் யாருக்கா?"

அவள் அழுவாள் என்று நினைத்தேன். அழவில்லை. "தை வரைக்கும் விடமாட்டேன். அதுக்குள்ள என் பிள்ளையக் கூட்டிக்கிட்டு வந்துருவேன்" என்றாள். எப்படி என்று கேட்டேன். தெரியாது என்றாள். அவளுக்கே தெரியாத வழியை அவள் அவ்வளவு உறுதியாகச் சொன்னதை இன்றும் மறக்க முடியவில்லை.

வழியைக் கொண்டுவந்தது ஒரு ஸயாமா. கியாக்டடாவில் மழலைப் பள்ளி நடத்துகிற ஆசிரியை. தைத்த பேய்ச் சட்டைகளை எடுத்துப் போக வந்தவள், கரண்ட் போய்விட்டதால் விசிறிக்கொண்டு எங்கள் பக்கத்தில் உட்கார்ந்தாள். நான் பர்மியத்தில் கொஞ்சம் வம்பு இழுத்தேன்.

"பிள்ளைங்களுக்குப் போய் எதுக்கு ஸயாமா பேய்ச் சட்டை? ராஜா ராணி வேஷம் போடக் கூடாதா?"

"அதுக்கு ஒரு காரணம் இருக்கு. அன்னிக்கு ராத்திரி செத்தவங்க ஆவி எல்லாம் வெளிய சுத்தும்னு அந்தக் காலத்து வெள்ளைக்காரங்க நம்பினாங்க. பிள்ளைங்களுக்கும் பேய் வேஷம் போட்டுட்டா, இது நம்ம ஆளுன்னு நினைச்சு அடையாளம் தெரியாம விட்டுட்டுப் போயிடுமாம்."

பக்கத்தில் மெஷின் சத்தம் நின்றது. தமிழ்மணி திரும்பி, "அந்தக் கடைசியாச் சொன்னதை இன்னொரு தடவை சொல்லுங்க ஸயாமா" என்றாள். ஸயாமா சொன்னாள். இவள் அதை மனப்பாடம் செய்பவளைப் போல உதட்டை அசைத்துக்கொண்டே கேட்டாள்.

அன்றைக்கு மிஞ்சிய வெள்ளைத் துணியில் அவள் தைத்தவைதான் அந்த இரண்டு சட்டைகள். தலையிலிருந்து முட்டி வரைக்கும் ஒரே மூடல். கண்ணுக்கு இரண்டு ஓட்டை. வாய்க்குக் கறுப்புத் துணியை வெட்டி ஒட்டுப் போட்டிருந்தாள். இரண்டுக்கும் ஒரு தையல்கூட வித்தியாசம் இல்லை.

"நீ இதை நம்புறியாடி?" என்று கேட்டேன்.

"நான் நம்புறேனா இல்லையான்னு யாருக்கா கேட்டா? மதினி நம்புவாங்களா, அதுதான் கேள்வி."

அக்டோபர் கடைசி நாள் மத்தியானத்தோடு எங்களுக்கு வேலை முடிந்துவிட்டது. கோழித் தீவனக் கடையில் தவிடு வாங்கி, பள்ளிப் பிள்ளைகள் மிட்டாய் வாங்கத் தூக்கிப் போகும், ஸயாமாவிடம் கேட்டு வாங்கிய பூசணிக்காய் மூஞ்சி வாளி ஒன்றில் நிரப்பினாள். வாளியைத் தூக்குவது என் வேலை. "நான் எதுக்குடி?" என்றதற்கு, "வாங்கறப்ப சாட்சி வேணும்கா" என்றாள். உதயாவுக்கு வீட்டு வாசலைத் தாண்டுவதற்கு முன்பே சட்டையை மாட்டி முகத்தை மூடினாள். வழியில் எது பின்தொடர்ந்தாலும் அவன் யாரென்று தெரியக் கூடாது. அவள் எதையும் அரைகுறையாகச் செய்வதில்லை.

படகில் நாங்கள் பட்ட பாடு தனிக் கதை. எதிரே உட்கார்ந்திருந்த ஒரு பெண், குட்டிப் பேயைப் பார்த்ததும் காய்கறிக் கூடையை இழுத்துக்கொண்டு வேறு பெஞ்சுக்குப் போனாள். விளையாட்டுக்குக்கூடப் பேயைக் கூப்பிடக் கூடாது என்று இன்னொருத்தி முணுமுணுத்தாள். காடை முட்டை விற்பவள் மட்டும், "தயேலே வந்திருக்கு, குட்டிப் பேய் வந்திருக்கு" என்று சிரித்து, ஒரு முட்டையை உரித்து நீட்டினாள். உதயா அதை ஆவலாக வாங்கி ஒட்டுத் துணி வாயில் வைத்துத் தேய்த்தான். வாய்க்கு ஓட்டை விடவில்லை என்பது அப்போதுதான் எங்களுக்கு உறைத்தது. சட்டையைத் தூக்கலாம் என்றேன். "ஆத்து மேல தூக்கக் கூடாது" என்று முட்டையைப் பிட்டுக் கண் ஓட்டை வழியாக ஊட்டினாள். பாதி முட்டை மூக்கில் அப்பிக்கொண்டது. பிள்ளை நாக்குக்கு எட்டியதை நக்கித் தின்றான்.

டாலா கரையில் சைக்கிள் ரிக்‌ஷா பிடித்துப் போனோம். கனகாம்பாள் வீட்டு முன்னால் பருப்பு வடை சுட்டு விற்கிறாள். நாங்கள் போய் இறங்கியபோது எண்ணெய் காய்ந்துகொண்டிருந்தது. வேலு அவளுக்குப் பின்னால் உட்கார்ந்து ஒரு மூடியைத் தட்டி விளையாடிக்கொண்டிருந்தான். கனகாம்பாள் வெள்ளை உருவத்தைப் பார்த்து, "என்னாடி கூத்து இது? இன்னிக்கு ஞாயித்துக்கிழமைகூட இல்லையே" என்றாள்.

தமிழ்மணி தன் முக்காலியை இழுத்துப் போட்டு, வழக்கமான இடத்தில் தள்ளியே உட்கார்ந்தாள். பிறகு ஸயாமா சொன்னதை ஒரு சொல் விடாமல் சொன்னாள். இன்றைக்குப் பிள்ளைக்குப் பேய் வேஷம் போட்டால் எந்தக் கெட்டதுக்கும் அடையாளம் தெரியாது. இப்படி ஒரு நாள் வருடத்துக்கு ஒரு முறைதான் வரும். "கெடு தாண்டினதுக்கு இதுதான் மதினி மாத்து. தவிடு கொண்டாந்திருக்கேன். சஜிதாக்கா சாட்சி."

கனகாம்பாள் வடையை எடுத்து எண்ணெயில் போட்டாள். அது கருகும்வரை திருப்பாமல் நின்றதைப் பார்த்து, அவள் நம்பிவிட்டாள் என்று எனக்குப் புரிந்தது. நம்பியதுதான் அவளுக்குச் சங்கடம்.

இதற்குள் வேலு வெளியே எட்டிப் பார்த்தான். பேயைக் கண்டதும் மூடியை முகத்துக்கு முன்னால் பிடித்தான். உதயா அவனை நோக்கி நடந்தான். இவன் மூடியைக் கொஞ்சம் இறக்கினான். உதயா கையை நீட்டி மூடியைப் பிடுங்கி, தானும் ஒரு முறை தட்டிப் பார்த்தான். வேலுவுக்குப் பயம் போய்க் கோபம் வந்தது. அந்த வெள்ளைச் சட்டையைப் பிடித்து இழுத்து, "எனக்கு, எனக்கு" என்று கத்தினான். தமிழ்மணி பையிலிருந்து இன்னொரு சட்டையை எடுத்து, தான் தொடாமல், கனகாம்பாளிடம் நீட்டினாள்.

"நீங்களே மாட்டுங்க மதினி."

கனகாம்பாள் அடுப்பைத் தணித்தாள். கையைத் துடைத்துக்கொண்டு சட்டையை வாங்கி, வேலுவின் தலை வழியாக மாட்டினாள். கண்ணுக்கு நேராக ஓட்டைகளை இழுத்துச் சரிசெய்ய அவளுக்கு வெகுநேரம் ஆயிற்று.

அடுத்த கொஞ்ச நேரம் அந்தத் தெருவில் இரண்டு குட்டிப் பேய்களும் வீடு வீடாக ஓடின. பக்கத்து வீட்டுப் பர்மாக்காரப் பிள்ளைகள் கூச்சலிட்டுக்கொண்டு பின்னாலேயே ஓடின. ஒரு கிழவர் பயந்தவரைப் போல நாற்காலியிலிருந்து விழுந்து காட்டினார். யாரோ வாழைப்பழம் கொடுத்தார்கள், யாரோ வேர்க்கடலை மிட்டாய் கொடுத்தார்கள். ஒரு பேய் சேற்றில் வழுக்கி விழுந்தது. மற்றது அதைத் தூக்க வந்து தானும் விழுந்தது. இரண்டும் எழுந்திருக்க மனமில்லாமல் அங்கேயே உருண்டன. இவை இரண்டும் பால்குடியாக இருக்கும்போது பிரிந்தவை என்று சொன்னால் யாரும் நம்பமாட்டார்கள். நான் முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டேன். பொய் சொல்வானேன், எனக்கு அழுகை வந்தது.

கனகாம்பாள் அவர்களையே பார்த்துக்கொண்டு நின்றாள். "காய்ச்சல் வரும் காய்ச்சல் வரும்னு சொல்லிக்கிட்டே இருந்தேன்ல" என்றாள் மெதுவாக. "முதல்ல நெசமாவே அந்தப் பயம்தான் இருந்துச்சு. அப்புறம் அது மட்டும் இல்ல, தமிழ்மணி. இவன் இல்லாம இந்த வூட்டுல நான் என்னா செய்வேன்?"

எனக்கு வாயில் வந்ததைச் சொல்லிவிடலாமா என்று இருந்தது. பெற்றவளைத் தள்ளி உட்கார வைத்துவிட்டுப் பேசுகிற பேச்சா இது? தமிழ்மணி என்னைப் பார்த்த பார்வையில் வாயை மூடிக்கொண்டேன்.

"அதையும் யோசிச்சுட்டுத்தான் மதினி வந்தேன்" என்றாள் அவள். "நான் தைக்கப் போற நாளெல்லாம் காலையில ரெண்டு பேரையும் உங்ககிட்ட கொண்டாந்து விடுறேன். தினம் படகேறி வர்றதுல எனக்கு என்னா கஷ்டம். ஆனா சாயங்காலம் ரெண்டு பேரையும் கூட்டிக்கிட்டுப் போவேன். ராத்திரி என் பிள்ளைங்க என்கிட்டத்தான் தூங்கணும். காது குத்தறப்ப அப்பா அப்பாவா நிக்கணும். தாய்மாமன் என் தம்பி பிரேம்நாத் இருக்கான், அவன் மடி போதும்."

குரல் உயரவில்லை. கெஞ்சலும் இல்லை. துணிக்கு அளவு சொல்வதைப் போலச் சொன்னாள்.

கனகாம்பாள் தெருவைப் பார்த்துக் கூப்பிட்டாள். "வேலு. இங்க வா."

இரண்டு பேய்களும் திரும்பின. இரண்டும் சேறு, இரண்டும் ஒரே உயரம். இரண்டுமே வந்தன. ஒன்று நேராக வடைத் தட்டுக்குப் போய்க் கனகாம்பாளின் காலைக் கட்டிக்கொண்டது. அவள் குனிந்து வாரி எடுத்து, நெஞ்சோடு சேர்த்துக்கொண்டு சட்டையின் ஓரத்தைத் தூக்கினாள். மூக்கில் காய்ந்த முட்டையோடு உதயா சிரித்தான். அவளுக்கு முகம் விழுந்துவிட்டது. இத்தனை நாள் வளர்த்தவளுக்கு அடையாளம் தெரியவில்லை.

மற்றது முக்காலிக்கு முன்னால் வந்து நின்று, தமிழ்மணி உடுத்தியிருந்த பர்மா லுங்கியின் மடிப்பைப் பிடித்து இழுத்தது.

"அத்தை, தண்ணி."

அவன் அவளைக் கூப்பிட்டது அதுதான் முதல் தடவை. அத்தை என்று சொல்லிக் கொடுத்திருக்கிறார்கள். பிள்ளை சரியாகத்தான் சொன்னான். தமிழ்மணியின் கை அவன் தலைவரைக்கும் போய், தொடாமல் நின்றது. இத்தனை நாள் பழக்கம். அவள் மதினியைப் பார்த்தாள்.

கனகாம்பாள் உதயாவை இடுப்புக்கு மாற்றிக்கொண்டு என்னிடம் வந்தாள். வாளியில் கையை விட்டு ஒரு பிடி தவிட்டை அள்ளி, முந்தானையில் முடிந்தாள். முடிச்சு இறுகவில்லை. திரும்ப அவிழ்த்து, திரும்ப முடிந்தாள். பிறகு வேலுவுக்கு முன்னால் குந்தி, அந்த இரண்டு ஓட்டைகளுக்குள் பார்த்துச் சொன்னாள்.

"அத்தை இல்லடா ராசா. அது அம்மா. நான்தான் உனக்கு அத்தை."

தமிழ்மணி வேலுவைத் தூக்கினாள். ஆறு தாண்டும்வரை அவன் முகத் துணியை அவள் விலக்கவில்லை.